கல்லுக்கும் காகிதத்துக்கும் கணக்குக் கேட்பது எப்படி?

அத்தியாயம் 7

விழுப்புரம் வழுதரெட்டியில் 2025 ஜனவரி 28 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இரண்டு நினைவுக் கட்டடங்களைத் திறந்துவைத்தார். 1987 இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேருக்கு ஒரு மணிமண்டபம். முன்னாள் அமைச்சர் ஏ. கோவிந்தசாமிக்கு ஒரு நினைவரங்கம். மணிமண்டபத்துக்கு 5.70 கோடி ரூபாய், நினைவரங்கத்துக்கு 4 கோடி ரூபாய் என்று அரசே செலவை அறிவித்தது. செய்தித்தாள் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் தொகை தெரியும்.

அந்த 21 பேரின் சாவு குறித்து அன்றைய அதிகாரிகள் எழுதிவைத்த விசாரணைக் கோப்புகள் எந்த அறையில், எந்தக் கட்டில் இருக்கின்றன? அவற்றைக் காக்க ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது? இதை யாரும் மேடையில் அறிவிப்பதில்லை. கேட்டால்தான் வரும். எப்படிக் கேட்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

தொடங்குமுன் ஒரு விதி. அரசிடம் காரணம் கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்ட மனுவில் “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று எழுதினால் “இது தகவல் அல்ல” என்ற ஒற்றை வரியில் மனு முடிந்துவிடும். “நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும்” என்று எழுதினால் ஒன்று நகல் வர வேண்டும். இல்லை, அப்படி ஒரு குறிப்பே கிடையாது என்று எழுத்தில் வர வேண்டும். இரண்டுமே உங்களுக்கு ஆதாரம்.

காகிதம் எந்த ஊரில் இருக்கும்?

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்றுதான் பிறந்தது. அதற்கு முன் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டம்; தலைநகர் கடலூர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே நீங்கள் தேடும் சம்பவத்தின் ஆண்டைப் பொறுத்துக் கோப்பு இருக்கும் ஊர் மாறும்.

1993க்கு முந்தைய மாவட்ட அளவிலான கோப்பு என்றால் கடலூர் ஆட்சியர் அலுவலகப் பதிவறை, அல்லது சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909 முதல் எழும்பூர்ச் செங்கல் கட்டடத்தில் இயங்கும் அந்தக் காப்பகம், தலைமைச் செயலகத் துறைகளின் பழைய அரசாணைகளைச் சேர்த்துவைக்கும் இடம். 1993 முதல் 2019 வரையிலான கள்ளக்குறிச்சிப் பகுதிக் கோப்பு விழுப்புரத்திலும் இருக்கலாம், பிரிவினையின்போது கைமாறியும் இருக்கலாம். “எங்களிடம் இல்லை” என்று ஓர் அலுவலகம் சொன்னால், பிரிவினையின்போது கோப்புகளை ஒப்படைத்த பட்டியலின் நகலைக் கேளுங்கள்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. வழக்கில் புதுச்சேரிக் காவல்துறையோ அலுவலகமோ சம்பந்தப்பட்டிருந்தால், மைய அரசின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம் பொருந்தும். மைய அரசையும் ஒன்றியப் பகுதிகளையும் அது கட்டுப்படுத்துகிறது. விதிமுறைப்படியன்றிக் கோப்பை அழிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அலுவலகக் கோப்புக்கு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. மனுவில் தவறிப்போய் எழுதிவிடாதீர்கள். மனுவின் மதிப்பே குறையும்.

கோப்பின் ஆயுளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசுக் கடிதத்தின் தலைப்பில் உள்ள எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. கோப்பின் ஆயுள் அங்கேதான் எழுதியிருக்கிறது.

ந.க. என்றால் நடப்பில் உள்ள கோப்பு. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. ஆங்கிலக் கோப்புகளில் இவையே முறையே எல்.டிஸ், கே.டிஸ், டி.டிஸ், ஆர்.டிஸ் என்று இருக்கும்.

மனித உயிர் போன ஒரு சம்பவத்தின் கோப்பை மூ.மு. என்று முடித்திருந்தால், அந்த முடிவை எடுத்தவர் யார் என்பதே ஒரு கேள்வி. கோப்பைக் கேட்கும்போது அது எந்த வகையில் முடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அழித்துவிட்டோம் என்றால் அழிப்புப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். அழித்ததற்கும் காகிதம் உண்டு.

துப்பாக்கிச் சூடு என்றால் தேட வேண்டியது காவல் நிலை ஆணை 151இன்படி நடத்தப்படும் வருவாய்த் துறை விசாரணையின் அறிக்கை. இதை எழுதுபவர் காவல்துறை அதிகாரி அல்லர், நிருவாக நடுவர். திண்டிவனம் கோட்டத்தில் நடந்த சம்பவம் என்றால் முதல் மனுவைச் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவது சரி. 1987 செப்டம்பர் 17இல் தொடங்கிய ஒரு வாரச் சாலை மறியலின் கோப்புகளைத் தேடுவோர் இங்கிருந்தும் கடலூரிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

பணத்தின் தடம்

மாநில அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மானியக் கோரிக்கை எண் உண்டு. நமக்கு வேண்டியவை நான்கு. நீதி நிருவாகம் கோரிக்கை எண் 3. உயர் கல்வி 20. ஆவணக் காப்பகம் இந்தத் துறையின் கீழ் வருகிறது. காவல் 22. சட்டத் துறை 33.

இவற்றுக்குள் கணக்குத் தலைப்பைப் பிடிக்க வேண்டும். நீதி நிருவாகத்துக்குப் பெருந்தலைப்பு 2014. கலை, பண்பாட்டுக்கு 2205. அதற்குள் 104 என்ற சிறுதலைப்பு ஆவணக் காப்பகங்கள். நிதித் துறை வெளியிடும் புத்தகத்தில் இந்த எண்களுக்கு எதிரே நான்கு தொகைகள் வரிசையாக இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு.

பெரும்பாலானோர் கடைசித் தொகையை மட்டும் பார்த்து மகிழ்வார்கள் அல்லது கோபப்படுவார்கள். நீங்கள் ஒரே ஆண்டுக்கான மதிப்பீட்டையும், பின்னர் வரும் புத்தகத்தில் அதே ஆண்டுக்கு அச்சாகும் உண்மைச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒதுக்கியது ஒன்று, செலவழித்தது வேறு என்றால் உங்கள் அடுத்த மனு தயார்: ஒப்படைக்கப்பட்ட தொகையும், ஒப்படைப்புக்கான குறிப்பும்.

மையப் பணத்துக்குத் தனி வழி. மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2023 செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. காலம் நான்கு ஆண்டு. அதில் வழக்கு ஆவணங்களை ஸ்கேன் செய்து மின்மயமாக்கிப் பாதுகாக்க மட்டும் 2,038.40 கோடி. இந்தியா முழுமைக்குமான இந்தப் பணத்தில் விழுப்புரம், திண்டிவனம் நீதிமன்றங்களுக்கு வந்தது எவ்வளவு, ஸ்கேன் ஆன பக்கங்கள் எத்தனை, எந்த ஆண்டுக் கட்டுகள் முடிந்தன என்பது கேட்டுப் பெறத்தக்க தகவல்.

நீதி குறித்த ஆய்வுக்கும் அரசு பணம் தருகிறது. ஒன்றிய நீதித் துறை, நீதிச் சீர்திருத்தம் குறித்த செயல் ஆய்வுகளுக்குச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மானியம் வழங்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மானியம் பெற்ற நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ், இறுதி ஆய்வறிக்கை, அதன்மேல் துறை எடுத்த முடிவு ஆகிய மூன்றையும் கேட்கலாம். ஆய்வு முடிந்து அலமாரியில் உறங்கினால் பொதுப்பணம் வீண் என்று சொல்ல, இந்த மூன்று காகிதங்களும் கையில் இருக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதை இன்னும் நேராகச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்யும் ஏற்பாட்டை அரசின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் குறித்து அப்படி ஓர் ஆய்வு கடைசியாக எப்போது நடந்தது, யார் செய்தார், என்ன செலவு என்ற மனு, சட்டம் விதித்த கடமையின் கணக்கைக் கேட்கும் மனு. அதைச் சலுகை கேட்பதாக யாரும் ஒதுக்க முடியாது.

ஒரு மாதிரி மனு: விழுப்புரம் 1978

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த சாதி வன்முறையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். எம்.ஜி.ஆர். அரசு, நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 3(4) பிரிவு, ஆணையம் அறிக்கை தந்த 6 மாதத்துக்குள் அதையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பையும் அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு குறித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18 அன்று இறுதி அறிக்கை தந்தது. அக்டோபர் 18 அன்று அது அவையில் வைக்கப்பட்டது. சரியாக ஐந்து மாதம். மனம் வைத்தால் காலக்கெடுவுக்குள் முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

மனு இப்படி அமையலாம்:

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பொதுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் ஆவண நகல் கோருதல்.

1. 1978 ஜூலை விழுப்புரம் வன்முறை குறித்து நீதிபதி சதாசிவம் தலைமையில் ஆணையம் அமைத்த அரசாணையின் நகல்.

2. ஆணையத்தின் காலத்தை நீட்டித்த அரசாணைகள் இருப்பின் அவற்றின் நகல்கள்.

3. ஆணையத்துக்கு ஆண்டுவாரியாகச் செலவான தொகையும், செலவு எழுதப்பட்ட கணக்குத் தலைப்பும் உள்ள ஆவணத்தின் நகல்.

4. ஆணைய அறிக்கை, நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் நகல். அவை சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள்.

5. சாட்சி வாக்குமூலங்களும் சான்றாவணங்களும் இப்போது உள்ள அலுவலகம், கட்டு எண். ஆவணக் காப்பகத்துக்கு மாற்றியிருந்தால் ஒப்படைப்புக் கடித நகல். அழித்திருந்தால் அழிப்புப் பதிவேட்டுப் பக்க நகல்.

6. மேற்கண்டவை வேறு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் அங்கே அனுப்பி எனக்குத் தெரிவிக்கவும்.

இவ்வளவுதான். உங்கள் ஆதங்கம், அரசியல் விமர்சனம், சம்பவத்தின் வரலாறு எதுவும் மனுவில் வேண்டாம். ஆறு கேள்விக்குமேல் போகாதீர்கள். மிச்சத்துக்கு இன்னொரு மனு போடலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள், அல்லது மாநில அரசின் இணையவழியில் பதியுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்வையிடக் கேட்டால் முதல் ஒரு மணி நேரம் இலவசம். கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கும் என்று தோன்றினால் பார்வையிடக் கேட்பதே நல்லது. எந்தப் பக்கம் வேண்டுமோ அதற்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.

இருபது ஆண்டு விதி

பழைய சம்பவங்களைத் தேடுவோர் மனப்பாடம் செய்ய வேண்டியது தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(3). கோரிக்கை தரும் நாளுக்கு 20 ஆண்டுக்கு முன் நடந்த நிகழ்வு என்றால், சட்டத்தின் விலக்குகளில் மூன்றுதான் செல்லும்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு போன்றவை, சட்டமன்ற, நாடாளுமன்ற உரிமை மீறல், அமைச்சரவை ஆவணங்கள். தனிநபர் தகவல், புலனாய்வுக்கு இடையூறு போன்ற வழக்கமான மறுப்புகள் 20 ஆண்டு கடந்த நிகழ்வுக்கு நிற்காது. 1978, 1987 இரண்டுமே இந்த எல்லைக்கு உள்ளே வருகின்றன. தனிநபர் தகவல் குறித்த விலக்கை 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறுக்கியிருப்பதால், இந்த விதியின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

ஆணைய அறிக்கையைக் கேட்கும்போது “அவையில் வைக்கவில்லை, தந்தால் உரிமை மீறல்” என்ற பதில் வரலாம். அந்த விலக்கு 20 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும் மூன்றில் ஒன்று. அப்போது மேல்முறையீட்டில் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 3(4) பிரிவைக் காட்டுங்கள். 6 மாதத்தில் வைக்க வேண்டியதை வைக்காமல் விட்டதே சட்டத்துக்கு மாறு. அந்தத் தவறையே மறைப்பதற்குக் காரணமாகக் காட்ட முடியாது என்று வாதிடுங்கள்.

நீதிமன்றக் காகிதத்துக்கு வேறு கதவு

தீர்ப்பு, சாட்சியம், குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமை மனுவில் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற விதிகளின்படி நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டது. வழக்கு நடந்த நீதிமன்றத்திலேயே நகல் மனு போட வேண்டும். வழக்கில் தரப்பினர் அல்லாதவர் காரணம் காட்டி மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் ஒருவரின் துணை இருந்தால் நல்லது. அண்மைய வழக்கு என்றால் மின் நீதிமன்றத் தளத்தில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு நிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நீதிமன்றத்தின் நிருவாகச் செலவு, ஸ்கேன் ஒப்பந்தம், பதிவறைப் பராமரிப்பு போன்றவற்றுக்குத் தகவல் உரிமை மனுவே போடலாம். வழக்குக் காகிதம் ஒரு கதவு, செலவுக் காகிதம் வேறு கதவு.

திண்டிவனத்திலேயே கேட்கக்கூடியது

சென்னைக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு ஆட்சியர் தலைமையில் 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கோட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. திண்டிவனத்தில் அதற்குப் பொறுப்பு கோட்ட நிருவாக நடுவர். சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் பணியை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், மதிப்பிட வேண்டும் என்பதும் விதி.

கேட்க வேண்டியவை: கடந்த மூன்று ஆண்டுகளில் குழு கூடிய நாட்கள், ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், தீருதவித் தொகை ஒதுக்கீடும் வழங்கலும், சிறப்பு வழக்கறிஞர் மதிப்பீட்டு அறிக்கை. ஆண்டுக்கு நான்கு கூட்டம் என்றால் மூன்று ஆண்டுக்குப் பன்னிரண்டு குறிப்பு வர வேண்டும். வந்ததை எண்ணிப் பாருங்கள். திண்டிவனம் வட்டாரத்து இருளர் குடும்பங்களுக்காக வேலை செய்யும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கு இந்தக் குறிப்புகள் ஒவ்வொரு வழக்கிலும் உதவும்.

கூடவே மாநிலக் கணக்காயர் அந்த அலுவலகத்தைத் தணிக்கை செய்து அனுப்பிய கடைசி ஆய்வறிக்கையையும், அதற்கு அலுவலகம் தந்த பதிலையும் கேளுங்கள். தீராத தணிக்கைப் பத்திகள் எத்தனை என்பது அதில் தெரிந்துவிடும். பெரிய குறை என்றால் அது தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையாகி, சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போகும். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அவையில் கேள்வி எழுப்பவும் இந்தப் பத்தி எண் பயன்படும்.

மறுப்பு வந்தால்

30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தியில்லை என்றாலும், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம்.

“கோப்பு கிடைக்கவில்லை” என்ற பதில்தான் பழைய ஆவணங்களுக்கு அடிக்கடி வரும். காணவில்லை என்பது சட்டம் சொல்லும் விலக்குகளில் ஒன்றே அல்ல. விஸ்வாஸ் பம்பூர்க்கர் வழக்கில் 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தைக் காணவில்லை என்று எளிதாகச் சொல்லித் தப்ப முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பொறுப்பாளரைக் கண்டறிய வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிட்டு, பிரிவு 19(8)இன்படி ஆவணப் பராமரிப்பைச் சீர்செய்ய அலுவலகத்துக்கு உத்தரவிடுமாறும் கேளுங்கள். ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைப்பது பிரிவு 4(1)(ஏ) விதித்த கடமை.

உளவுப் பிரிவுகளுக்கு மாநில அரசு தந்திருக்கும் விலக்கிலும் ஒரு திறப்பு உண்டு. மனித உரிமை மீறல் குறித்த தகவல் என்றால் பிரிவு 24(4)இன்படி, தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும்.

பெற்ற காகிதத்தை வெளியிடுமுன்

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம். உங்கள் கைக்கு வந்த நகலில் அலுவலகம் பெயரை மறைக்காமல் விட்டிருந்தாலும் நீங்கள் மறைத்துத்தான் பகிர வேண்டும். சாட்சி சொன்னவர்களில் பலர் இன்றும் அதே ஊரில், அதே தெருவில் இருப்பார்கள். அதிகாரியின் பெயரை வெளியிடலாம். எளியவரின் முகவரியைக் காப்பாற்றுங்கள்.

வெளியிடும்போது தொகையை மட்டும் கத்தரித்துப் போடாதீர்கள். பிரிட்டனில் 1972ஆம் ஆண்டு டெர்ரி நகரத் துப்பாக்கிச் சூடு குறித்து நீதிபதி சாவில் நடத்திய விசாரணைக்கு 19 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. செலவு வெளிப்படையாக இருந்ததால் அது தகுமா, தகாதா என்று அந்நாட்டு மக்கள் வாதிட முடிந்தது. 2010இல் அறிக்கை வந்தபோது பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். தொகை பெரிதா சிறிதா என்பது மட்டும் கேள்வி அல்ல. அந்தப் பணத்துக்கு என்ன உண்மை வெளிவந்தது என்பதையும் பக்கத்தில் எழுதினால்தான் கணக்கு நிறைவடையும்.

விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மாணவர் ஒருவருக்கு ஒரு மனு, ஒரு பருவத்துக்கு ஒரு சம்பவம் என்று எடுத்தால், இந்த மாவட்டத்தின் நீதி ஆவணங்களுக்கு அரசு இதுவரை தயாரிக்காத அட்டவணையை மக்களே தயாரித்துவிடலாம். மேலே உள்ள மாதிரி மனுவைப் பார்த்து எழுதுங்கள். சம்பவம், ஆண்டு, அலுவலகம் மூன்றை மட்டும் மாற்றுங்கள். வில்லையை ஒட்டி இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.